ஜாஸ் கிட்டாரில் 9, 11, 13 கார்டுகள்: முழுமையான வழிகாட்டி

ஜி 13, சி 7 ஷார்ப் 9, டி மைனர் 11 என்று தாளில் எழுதியிருப்பதைப் பார்த்ததும் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. கார்டு அகராதியைத் திறந்தால் ஒரே பெயருக்குப் பத்துப் படங்கள் இருக்கும். எதைப் பிடிப்பது, ஏன் அதைப் பிடிப்பது என்று அந்தப் படங்கள் சொல்வதில்லை. அவற்றை வரிசையாக மனப்பாடம் செய்வதால் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. இப்படி 9, 11, 13 சேர்ந்த எக்ஸ்டெண்டட் கார்டு எதை எடுத்தாலும் அதற்குள் ஒரு சிறிய சட்டகம் இருக்கிறது. அந்தச் சட்டகத்தின் மேல், பெரும்பாலும் இரண்டாம் தந்தியில், ஒரு விரல் எங்கே விழுகிறது என்பதுதான் அதை 9 ஆகவோ 13 ஆகவோ மாற்றுகிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விரலைப் பின்தொடர்ந்தே செல்லும்.

திறந்த கார்டுகளும் பார் கார்டுகளும் ஓரளவு கைவந்திருந்தால் போதும், தொடங்கிவிடலாம். கூடவே ஐந்தாம், ஆறாம் தந்திகளில் ஸ்வரங்கள் எங்கே இருக்கின்றன என்பது தெரிய வேண்டும். ஆறாம் தந்தியில் 1 எஃப், 3 ஜி, 5 ஏ, 7 பி, 8 சி, 10 டி, 12 இ. ஐந்தாம் தந்தியில் 2 பி, 3 சி, 5 டி, 7 இ, 8 எஃப், 10 ஜி, 12 ஏ. இந்த இரண்டு வரிகளைத் தயங்காமல் சொல்ல முடிந்தால் கீழே வரும் எல்லா வடிவங்களும் பன்னிரண்டு ஸ்ருதிகளிலும் உங்களுக்குச் சொந்தம்.

வடிவங்களை எண்களால் எழுதுகிறேன். இடது ஓரத்தில் இருப்பது தடித்த ஆறாம் தந்தி, வலது ஓரத்தில் இருப்பது மெல்லிய முதல் தந்தி. எண் ஃபிரெட்டைக் குறிக்கும். × என்றால் அந்தத் தந்தி ஒலிக்கக் கூடாது.

எண்கள் சொல்வது என்ன

சி மேஜர் ஸ்கேலில் சி 1, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. எட்டாவதாக மறுபடி சி வரும். அதைத் தாண்டி எண்ணிக்கொண்டே போனால் டி 9, எஃப் 11, ஏ 13. பெரிய எண்ணிலிருந்து ஏழைக் கழித்தால் பழைய எண் கிடைத்துவிடும்: 9 என்பது 2, 11 என்பது 4, 13 என்பது 6. சரிகம பழகியவர்களுக்கு இன்னும் எளிது: மேல் ஸ்தாயி ரிஷபம், மத்யமம், தைவதம்.

பெயர்களில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். வெறுமனே சி 9 என்று எழுதினால் அது டாமினன்ட் கார்டு, அதில் ஃபிளாட் 7 ஆன பி ஃபிளாட் உண்டு. சி மேஜர் 9 என்றால் பி. சி மைனர் 9 என்றால் இ ஃபிளாட்டும் பி ஃபிளாட்டும். சி ஆட் 9 என்றால் ஏழாம் ஸ்வரமே கிடையாது, சாதாரண மேஜர் கார்டின் மேல் டி மட்டும் சேரும். ஜாஸில் 9, 11, 13 எல்லாமே ஏழாம் ஸ்வரத்தின் மேல் அடுக்கப்படுபவை என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

கணக்குப்படி முழுமையான 13 கார்டில் ஏழு ஸ்வரங்கள் உண்டு. கிட்டாரில் இருப்பதோ ஆறு தந்திகள், இடது கையில் அழுத்துவதற்கு நான்கு விரல்கள். ஆகவே எதை விடுவது என்ற கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

முதலில் விட வேண்டியது ஐந்தாம் ஸ்வரம். ரூட், அதாவது கார்டுக்குப் பெயர் தரும் முதல் ஸ்வரம், ஒலிக்கும்போதே அதன் உள்ளொலிகளில் ஐந்தாம் ஸ்வரம் மெலிதாகக் கலந்திருக்கிறது. அதைத் தனியாக வாசிக்காவிட்டாலும் காது குறையை உணராது. ஆனால் டி மைனர் 7 ஃபிளாட் 5 போன்ற கார்டில் அந்த ஃபிளாட் 5தான் கார்டின் அடையாளம், அங்கே விடக் கூடாது. அடுத்து ரூட்டையும் விடலாம், பேஸ் கிட்டாரோ டபுள் பேஸோ கூட வாசிக்கும்போது. மேஜர், டாமினன்ட் கார்டுகளில் 11ஐயும் விட்டுவிடுவார்கள், காரணம் பிறகு சொல்கிறேன்.

விடவே கூடாதவை 3, 7. கார்டு மேஜரா மைனரா என்பதை 3 சொல்கிறது. அது ஓய்ந்து நிற்கிறதா, வேறெங்கோ போகத் துடிக்கிறதா என்பதை 7 சொல்கிறது. ஜி 7 கார்டில் பி, எஃப் இரண்டை மட்டும் வாசித்துப் பாருங்கள். ரூட்கூட இல்லாமல் அந்த இரண்டு ஸ்வரங்களே சி நோக்கி இழுக்கும்.

முதல் படி: ஷெல் கார்டுகள்

ரூட், 3, 7 ஆகிய மூன்றை மட்டும் வைத்த கார்டை ஷெல் என்பார்கள். கவுன்ட் பேஸியின் இசைக்குழுவில் 1937 முதல் பல பத்தாண்டுகள் ரிதம் கிட்டார் வாசித்த ஃபிரெடி கிரீன், ஒலிபெருக்கி இல்லாத கிட்டாரில், இப்படி ஓரிரு ஸ்வரங்களை வைத்தே ஒரு பெரிய குழுவைத் தாங்கினார். சிறிய கார்டு என்று இதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம்.

ரூட் ஆறாம் தந்தியில்:

ஜி மேஜர் 7: 3 × 4 4 × ×
ஜி 7: 3 × 3 4 × ×
ஜி மைனர் 7: 3 × 3 3 × ×

ரூட் ஐந்தாம் தந்தியில்:

சி மேஜர் 7: × 3 2 4 × ×
சி 7: × 3 2 3 × ×
சி மைனர் 7: × 3 1 3 × ×

முதல் மூன்றில் நான்காம் தந்தியில் 7, மூன்றாம் தந்தியில் 3 இருக்கின்றன. அடுத்த மூன்றில் இடம் மாறி, நான்காம் தந்தியில் 3, மூன்றாம் தந்தியில் 7. இதைக் கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒவ்வொரு தந்தியாக மீட்டி, "இது ரூட், இது ஏழு, இது மூன்று" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம்.

ஆறாம் தந்தி வடிவங்களில் ஐந்தாம் தந்தி ஒலிக்காமல் இருக்க வேண்டும். ஆறாம் தந்தியை அழுத்தும் விரலைச் சற்றுச் சாய்த்தால், விரலின் சதைப்பகுதி ஐந்தாம் தந்தியைத் தொட்டு அடக்கிவிடும். ஜி 7 பிடிக்கும்போது ஆறாம் தந்தியில் ஆள்காட்டி விரல், நான்காம் தந்தியில் நடு விரல், மூன்றாம் தந்தியில் மோதிர விரல் வையுங்கள். வேறு விதமாகவும் பிடிக்கலாம்தான். ஆனால் இப்படிப் பிடித்தால் சுண்டு விரல் சும்மா இருக்கும், அடுத்த படியில் அதற்கு வேலை காத்திருக்கிறது.

இரண்டாம் படி: ஒரு விரல் கூட

ஐந்தாம் தந்தி ஷெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தந்தியில், ரூட் இருக்கும் அதே ஃபிரெட்டில், 9 இருக்கிறது.

சி மேஜர் 9: × 3 2 4 3 ×
சி 9: × 3 2 3 3 ×
சி மைனர் 9: × 3 1 3 3 ×

அந்த விரலை ஒரு ஃபிரெட் கீழே இறக்கினால் ஃபிளாட் 9, ஒரு ஃபிரெட் மேலே ஏற்றினால் ஷார்ப் 9:

சி 7 ஃபிளாட் 9: × 3 2 3 2 ×
சி 7 ஷார்ப் 9: × 3 2 3 4 ×

கடைசி வடிவத்தை ராக் கிட்டார் வாசிப்பவர்கள் ஹெண்ட்ரிக்ஸ் கார்டு என்றே அழைப்பார்கள். மேஜர் மூன்றும், மைனர் மூன்று போலவே ஒலிக்கும் ஷார்ப் 9உம் ஒரே நேரத்தில் கேட்பதால் வரும் உரசல் அது.

ஆறாம் தந்தி ஷெல்லில் இரண்டாம் தந்தி வேறு கதை சொல்கிறது. ரூட்டின் அதே ஃபிரெட்டில் 5, ஒன்று தள்ளி ஃபிளாட் 13, இரண்டு தள்ளி 13:

ஜி 13: 3 × 3 4 5 ×
ஜி 7 ஃபிளாட் 13: 3 × 3 4 4 ×

முதல் தந்தியும் பயன்படும். ஆறாம் தந்தி ரூட்டிலிருந்து இரண்டு ஃபிரெட் தள்ளி முதல் தந்தியில் 9 இருக்கிறது. சுண்டு விரலைப் படுக்கவைத்து 3 × 3 4 5 5 என்று பிடித்தால் 9உம் 13உம் சேர்ந்த, இன்னும் நிறைவான ஜி 13 கிடைக்கும். ஐந்தாம் தந்தி ரூட்டிலிருந்து இரண்டு ஃபிரெட் தள்ளி முதல் தந்தியில் இருப்பது 13: × 3 2 3 3 5 என்றால் சி 13. இதில் மோதிர விரல் மூன்றாம், இரண்டாம் தந்திகளைச் சேர்த்து அழுத்த, சுண்டு விரல் ஐந்தாம் ஃபிரெட்டுக்கு நீள வேண்டும். முதலில் வலிக்கும். வலி மணிக்கட்டுக்கு ஏறினால் உடனே நிறுத்திவிட்டு, கழுத்தில் மேலே எட்டாம் ஃபிரெட் பக்கம் போய்ப் பழகுங்கள். அங்கே ஃபிரெட்டுகள் நெருக்கமாக இருப்பதால் கை எளிதில் பழகும்.

மூன்றாம் படி: இரண்டு, ஐந்து, ஒன்று

தனித்தனிக் கார்டுகளை எவ்வளவு பழகினாலும் ஜாஸ் ஒலி வராது. ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குப் போகும்போது ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு குறைவாக நகர்கிறது என்பதில்தான் அந்த ஒலி இருக்கிறது. ஸ்கேலின் இரண்டாம், ஐந்தாம், முதல் கார்டுகள் அடுத்தடுத்து வருவது ஜாஸ் பாடல்களில் மிக அதிகமாகக் கேட்கும் நகர்வு. சி மேஜரில்:

டி மைனர் 9: × 5 3 5 5 ×
ஜி 13: 3 × 3 4 5 ×
சி மேஜர் 9: × 3 2 4 3 ×

பேஸ் ஸ்வரத்துக்கு மேலே இருக்கும் நான்காம், மூன்றாம், இரண்டாம் தந்திகளை மட்டும் கவனியுங்கள். டி மைனர் 9இல் எஃப், சி, இ. ஜி 13இல் எஃப், பி, இ. சி மேஜர் 9இல் இ, பி, டி. முதல் கார்டிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது எஃப், இ இரண்டும் அசையவில்லை, சி மட்டும் அரை ஸ்வரம் இறங்கி பி ஆகிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது பி நிற்கிறது, எஃப் அரை ஸ்வரம் இறங்கி இ ஆகிறது, மேலே இருந்த இ ஒரு ஸ்வரம் இறங்கி டி ஆகிறது. பேஸ் ஸ்வரம் ஐந்தாம் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் தாவினாலும் மேலே எல்லாம் அமைதியாக நடக்கிறது. இதற்கு வாய்ஸ் லீடிங் என்று பெயர்.

விரல்களிலும் இந்த அமைதி வர வேண்டும். டி மைனர் 9இல் ஐந்தாம் தந்திக்கு நடு விரல், நான்காம் தந்திக்கு ஆள்காட்டி, மூன்றாம் தந்திக்கு மோதிர விரல், இரண்டாம் தந்திக்குச் சுண்டு விரல். ஜி 13க்குப் போகும்போது சுண்டு விரலைத் தூக்காதீர்கள், அது அதே இடத்தில் நிற்கட்டும். மோதிர விரல் அதே தந்தியில் ஒரு ஃபிரெட் பின்னால் சறுக்கும். ஆள்காட்டி ஆறாம் தந்திக்கும் நடு விரல் நான்காம் தந்திக்கும் மாறும். சி மேஜர் 9இல் நடு விரல் ஐந்தாம் தந்தி, ஆள்காட்டி நான்காம் தந்தி, சுண்டு விரல் மூன்றாம் தந்தி, மோதிர விரல் இரண்டாம் தந்தி.

மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒரு கார்டுக்கு நான்கு தட்டு என்று வாசியுங்கள். வாசிக்கும்போதே இரண்டாம் தந்தியின் ஸ்வரத்தைப் பாடுங்கள்: இ, இ, டி. பிறகு மூன்றாம் தந்தியை: சி, பி, பி. பிறகு நான்காம் தந்தியை: எஃப், எஃப், இ. பாடிப் பார்க்காதவர்களுக்கு இந்தக் கார்டுகள் வெறும் விரல் வடிவங்களாகவே நின்றுவிடும். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, பாடுங்கள்.

சரளமானதும் ஜி 13க்கும் சி மேஜர் 9க்கும் நடுவே ஜி 7 ஃபிளாட் 13ஐ நுழையுங்கள். சுண்டு விரல் ஒரு ஃபிரெட் பின்னால் போனால் போதும். இப்போது மேல் ஸ்வரம் இ, இ ஃபிளாட், டி என்று படியிறங்கும். இப்படி ஒரு ஸ்வரத்தை அரை ஸ்வரம் ஏற்றியோ இறக்கியோ மாற்றிய ஆல்டர்ட் கார்டுகள் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. ஃபிளாட் 9, ஷார்ப் 9, ஃபிளாட் 13 எல்லாமே டாமினன்ட் கார்டின் இழுப்பைக் கூட்டி, அடுத்த கார்டில் இறங்குவதை இன்னும் இனிமையாக்குகின்றன.

இன்னொன்றும் இங்கேயே இருக்கிறது. ஜி 13இன் மேல் மூன்று ஸ்வரங்களை, எஃப், பி, இ, அப்படியே வைத்துக்கொண்டு பேஸை மட்டும் டி ஃபிளாட்டுக்கு மாற்றுங்கள்: × 4 3 4 5 ×. இது டி ஃபிளாட் 7 ஷார்ப் 9. மேலே பழகிய சி 7 ஷார்ப் 9 வடிவமே, ஒரு ஃபிரெட் ஏறியிருக்கிறது. இப்போது டி மைனர் 9, டி ஃபிளாட் 7 ஷார்ப் 9, சி மேஜர் 9 என்று வாசித்தால் பேஸ் 5, 4, 3 என்று ஒவ்வொரு ஃபிரெட்டாக இறங்கும். டிரைடோன் சப்ஸ்டிட்யூஷன் என்று பெரிய பெயரில் சொல்லப்படுவது இதுதான். ஜி 7, டி ஃபிளாட் 7 இரண்டுக்கும் 3உம் 7உம் ஒரே ஜோடி ஸ்வரங்கள்தான், இடம் மட்டும் மாறியிருக்கும். அதனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார முடிகிறது.

இதையெல்லாம் சி மேஜரில் முடித்ததும் இரண்டு ஃபிரெட் தள்ளி டி மேஜரில், பிறகு மற்ற ஸ்ருதிகளில் வாசியுங்கள். அடுத்து ரூட்டுகளைத் தலைகீழாக்கி, இரண்டாம் கார்டு ஆறாம் தந்தியிலும் ஐந்தாம் கார்டு ஐந்தாம் தந்தியிலும் வரும்படி. ஜி மேஜரில் அது ஏ மைனர் 7 (5 × 5 5 5 ×), டி 9 (× 5 4 5 5 ×), ஜி மேஜர் 7 (3 × 4 4 3 ×) ஆகும்.

மைனர் ஸ்ருதிக்கு டி மைனர் 7 ஃபிளாட் 5 (× 5 6 5 6 ×), ஜி 7 ஃபிளாட் 13, சி மைனர் 9. இங்கே ஃபிளாட் 13 அலங்காரமாக நிற்பதில்லை. அந்த இ ஃபிளாட் சி மைனர் ஸ்கேலின் சொந்த ஸ்வரம்.

11 ஏன் தனி

சி மேஜர் 7 கார்டில் எஃப் சேர்த்துப் பாருங்கள். கீழே இருக்கும் இ ஸ்வரத்தோடு அது கடுமையாக உரசும். டாமினன்ட் கார்டிலும் இதே சிக்கல். அதனால் அங்கே 11ஐ அரை ஸ்வரம் ஏற்றி ஷார்ப் 11 ஆக்குகிறார்கள். சி மேஜர் 7 ஷார்ப் 11: × 3 4 4 5 ×. சி 7 ஷார்ப் 11: × 3 4 3 5 ×. முதலாவது மிதப்பது போலவும் இரண்டாவது கூர்மையாகவும் ஒலிக்கும்.

மைனர் கார்டில் 11 சிக்கலே தருவதில்லை, அழகாகப் பொருந்தும். ஜி மைனர் 11: 3 × 3 3 1 ×. டி மைனர் 11: × 5 5 5 6 5. இந்த இரண்டாவது வடிவத்துக்கு, சோ வாட் என்ற பாடலை வைத்து, சோ வாட் கார்டு என்று பெயர். 1959இல் மைல்ஸ் டேவிஸ் குழு பதிவு செய்த அந்தப் பாடலில் பில் எவன்ஸ் பியானோவில் இதே அடுக்கைத்தான் வாசிக்கிறார், முதலில் ஒரு ஸ்வரம் உயரத்தில், பிறகு இறங்கி. கிட்டாரில் × 7 7 7 8 7 வாசித்து × 5 5 5 6 5க்கு இறங்கினால் அதே ஒலி வரும். பெரும்பாலும் நான்காம் இடைவெளிகளாக அடுக்கியிருப்பதால் இதில் ஒரு திறந்த தன்மை உண்டு. மைனர் கார்டு நீண்ட நேரம் மாறாமல் நிற்கும் இடங்களில் இதை மேலும் கீழும் நகர்த்தி வாசிக்கலாம்.

புளூஸில் போட்டுப் பார்ப்பது

பன்னிரண்டு பார் (இங்கே பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) புளூஸை விட நல்ல பயிற்சிக்களம் இல்லை. சி ஸ்ருதியில் சி 9 (× 3 2 3 3 ×), எஃப் 13 (1 × 1 2 3 ×), ஜி 13 மூன்றும் போதும். சி 9இலிருந்து எஃப் 13க்குப் போகும்போது நான்காம், மூன்றாம் தந்திகள் இரண்டும் ஒரு ஃபிரெட் இறங்குகின்றன, இரண்டாம் தந்தியின் டி அசையாமல் நிற்கிறது. சி கார்டுக்கு 9 ஆக இருந்த அதே டி, எஃப் கார்டுக்கு 13 ஆகிவிடுகிறது.

பேஸ் வாசிப்பவர் இருந்தால்

அவர் ரூட்டை வாசித்துக்கொண்டிருக்கும்போது நீங்களும் தாழ்ந்த தந்திகளில் அதையே வாசித்தால் ஒலி கலங்கிவிடும். மூன்றாம் படியின் கார்டுகளிலிருந்து ரூட் விரலை எடுத்துவிட்டு நடுத் தந்திகள் மூன்றையும் மட்டும் வாசியுங்கள். தனியாகப் பழகும்போது கைப்பேசியில் ரூட் ஸ்வரங்களை மெதுவாகப் பதிவு செய்து, அதை ஒலிக்கவிட்டு மேலே வாசிக்கலாம்.

ஒரு குறுக்குவழியும் உண்டு. டி மைனர் 9இன் ரூட்டை எடுத்தால் மிஞ்சுவது எஃப், ஏ, சி, இ, அதாவது எஃப் மேஜர் 7. சி மேஜர் 9இல் மிஞ்சுவது இ மைனர் 7. ஜி 9இல் மிஞ்சுவது பி மைனர் 7 ஃபிளாட் 5. கார்டின் மூன்றாம் ஸ்வரத்திலிருந்து தொடங்கும் ஏழாம் கார்டே அந்தக் கார்டின் 9 என்று வைத்துக்கொண்டால், ஏற்கெனவே தெரிந்த வடிவங்கள் இரட்டிப்பாகப் பயன்படும்.

வலது கையைப் பற்றிச் சுருக்கமாக. ஆறு தந்திகளையும் மேலிருந்து கீழே அடிக்கும் பழக்கத்தை இங்கே விட வேண்டும். கட்டை விரலும் மூன்று விரல்களும் ஒரே நேரத்தில் நான்கு தந்திகளையும் கிள்ளினால் ஸ்வரங்கள் சமமாகக் கேட்கும். பிக் வைத்திருந்தால் ரூட்டைப் பிக்காலும் மற்றவற்றை விரல்களாலும் எடுக்கலாம். தாளத்துக்கு முதல் தட்டில் ஒன்று, இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவில் ஒன்று என்று இரண்டு முறை மட்டும் வாசித்துத் தொடங்குங்கள். இடையில் இருக்கும் மௌனத்தை நிரப்ப வேண்டாம், பாடுபவரோ சோலோ வாசிப்பவரோ அதில் வருவார்.

கடைசிப் படி: மெலடியை மேலே வைப்பது

இதுவரை இரண்டாம் தந்தியின் ஸ்வரத்தை நாமே தேர்ந்தெடுத்தோம். இனி பாட்டு தேர்ந்தெடுக்கட்டும். மெலடியில் இ என்ற ஸ்வரம் மூன்று கார்டுகளுக்கும் நீண்டு ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டி மைனருக்கு அது 9, ஜி 7க்கு 13, சி மேஜருக்கு வெறும் 3. ஆகவே × 5 3 5 5 ×, 3 × 3 4 5 ×, × 3 2 4 5 ×. மெலடி ஏ என்றால்? டி மைனருக்கு அது 5: × 5 7 5 6 5. ஜிக்கு 9: 3 × 3 4 5 5. சிக்கு 13: × 3 2 4 5 5, சுண்டு விரல் இரண்டு தந்திகளையும் சேர்த்து அழுத்தும்.

உங்களுக்கு மிகவும் பிடித்த, மெதுவான ஒரு பாட்டின் முதல் நான்கு பார்களை எடுத்துக்கொள்ளுங்கள். மெலடியை முதல் இரண்டு தந்திகளுக்குள் வரும்படி மாற்றி எழுதுங்கள். ஒவ்வொரு கார்டும் மாறும் இடத்தில் மெலடி ஸ்வரம் அந்தக் கார்டுக்கு எத்தனையாவது என்று எண்ணி அருகில் குறியுங்கள். பிறகு அதற்குக் கீழே 3, 7 இரண்டையும் தேடிப் பிடியுங்கள். விரல் மிஞ்சினால் ரூட்டையும் சேர்க்கலாம், மிஞ்சாவிட்டால் அதைக் காதுக்கே விட்டுவிடலாம்.